மழை பெய்ததும் வீடு தேடி வரும் பூச்சிகள்: உச்சிப்புளியிலிருந்து ஒரு கேள்விக்குப் பதில்

கேட்டவர் கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி உச்சிப்புளிப் பக்கம் ஒரு தோப்பு வீட்டுக்குக் குடிவந்திருக்கும் தாய். ஐப்பசி மழை தொடங்கிய நாளிலிருந்து வீடு முழுக்கப் பூச்சி என்கிறார். பையன் கழுத்தில் ஒரே ராத்திரியில் சூடு இழுத்தது போலக் கோடு. பக்கத்து வீட்டார் அக்கி என்கிறார்கள். வாங்கி வைத்த கருவாட்டில் புழு. தோப்புப் பனையில் கதண்டு என்கிற பெருங்குளவியின் கூடு. மாதாமாதம் மருந்து அடிக்க ஒருவர் ஒப்பந்தம் கேட்கிறார், போடலாமா? கடைசியில் பையனின் கேள்வி ஒன்று: இத்தனை தட்டான் எங்கிருந்து வந்தது?

முப்பது வருடம் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன், பிறந்தது மண்டபம் பக்கம் கருவாடு போடுகிற வீட்டில். அந்த இரண்டு உரிமையில் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிய எச்சரிக்கை. எங்கள் கிராமங்களில் இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள், ‘பூச்சி’ என்பார்கள். ராத்திரி யாராவது ஓடி வந்து ‘பூச்சி கடிச்சிருச்சு’ என்றால் களிம்பைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். காலுள்ள பூச்சியா, காலில்லாத பூச்சியா என்று கேளுங்கள். காலில்லாதது என்றால் நேராக அரசு மருத்துவமனை. சுருட்டை விரியன் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

சரி, பையன் கழுத்து. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அக்கி மாதிரி தெரியவில்லை. மருத்துவர்கள் அக்கி என்பது, என்றோ வந்துபோன சின்னம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து மறுபடி கிளம்புவது. உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் வரும். பெரும்பாலும் கொப்புளத்துக்கு முன்பே வலி வந்துவிடும். நன்றாகத் தூங்கிய பிள்ளை காலையில் சாட்டையால் இழுத்த மாதிரி சிவந்த கோட்டோடு எழுந்தால், அதுவும் மழைக்காலத்தில், தலைமாட்டில் ட்யூப் லைட் எரிகிற அறையில், என் சந்தேகம் ஒரு குட்டி வண்டின் மேல்தான் போகும்.

ஒரு நெல்மணி நீளம்தான் இருக்கும். தலை கறுப்பு, கழுத்துப் பக்கம் ஆரஞ்சு, நடுவில் நீலம் பாய்ந்த கறுப்பு, மறுபடி ஆரஞ்சு, வால் நுனி கறுப்பு. பார்த்தால் எறும்பு என்றே நினைப்போம். சீண்டினால் தேள் போல வாலைத் தூக்கும், ஆனால் கொட்டாது, கடிக்காது. தூக்கத்தில் கழுத்தில் ஊரும்போது நாமே தேய்த்து நசுக்குகிறோம். அதன் ரத்தத்தில் இருக்கும் பெடரின் என்ற நஞ்சு தோலைப் புண்ணாக்குகிறது. கை எந்தத் திசையில் தேய்த்ததோ அந்தத் திசையில் கோடு விழும். முழங்கை மடிப்பில் நசுங்கினால் மடிப்பின் இரு பக்கமும் ஒன்றைப் பார்த்து ஒன்று அச்சடித்தது போலப் புண் வரும். எரிச்சல் உடனே தெரியாது, அரை நாளிலிருந்து இரண்டு நாள் வரை ஆகும். அதனால்தான் யாரும் வண்டைச் சந்தேகிப்பதில்லை. பல்லி எச்சம், சிலந்தி எச்சில், அக்கி என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். இந்த நஞ்சை வண்டு தானாகக் காய்ச்சுவதில்லை, பெண் வண்டுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா தயாரித்துக் கொடுக்கிறது.

மேலே ஊர்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளச் சொல்லுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்தக் கையால் கண்ணைத் தொடக் கூடாது. தலையணை உறையையும் துவைத்துவிடுங்கள். கண்ணில் பட்டிருந்தாலோ கொப்புளம் சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி பத்து நாள், இரண்டு வாரத்தில் ஆறும், தழும்பு மாதிரி ஒரு கறுப்பு மட்டும் கொஞ்ச காலம் நிற்கும். குயவர் வீட்டில் காவி எழுதிவரச் சொல்வார்கள். எனக்கே எங்கள் அம்மா எழுத வைத்திருக்கிறார். தோல் கிழியாமல் இருந்தால் அதில் கெடுதல் இல்லை, மனசுக்கு ஒரு குளிர்ச்சி. உடைந்த கொப்புளத்தில் மட்டும் வேண்டாம். இன்னொன்று, இதே வண்டு வயலில் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்கிற ஆள். அங்கே உழவனுக்குக் கூட்டாளி, உங்கள் படுக்கையில்தான் வம்பு.

வரவழைப்பது வெளிச்சம். விட்டில் ஆசைப்பட்டு விளக்கில் விழுகிறது என்று காலங்காலமாக உவமை சொல்கிறோம். 2024 தொடக்கத்தில் வந்த ஓர் ஆய்வு அதைக் கொஞ்சம் புரட்டிப் போட்டது. பறக்கும் பூச்சி பெரும்பாலும் முதுகை வெளிச்சத்தின் பக்கம் வைத்தே பறக்கும். வானம்தான் வெளிச்சமான பக்கம் என்று கோடிக்கணக்கான வருடங்களாக நம்பி வந்த பழக்கம். பக்கத்தில் ஒரு விளக்கு வந்ததும் அதற்கு முதுகைக் காட்டப் பார்த்து, திரும்பித் திரும்பி அதையே சுற்றிச் சிக்கிக்கொள்கிறது. ஆக ஆசை இல்லை, மேல் கீழ் தெரியாத குழப்பம். உங்களுக்குப் பயன்படும் செய்தி இதில் என்னவென்றால், வெள்ளை விளக்கைவிட மஞ்சள் விளக்குக்குப் பூச்சி குறைவாக வரும். திண்ணையில் ஒரு மஞ்சள் பல்பு போடுங்கள், மழை ராத்திரிகளில் படுக்கையறை விளக்கைச் சீக்கிரம் அணையுங்கள், ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். பாதித் தொல்லை அதோடு போய்விடும்.

ஈசலுக்கும் இதேதான். ‘அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம்’ என்பார்கள். மழையில் மண் இளகியதும் கரையான் புற்றிலிருந்து இறக்கை முளைத்த ஆணும் பெண்ணும் கூட்டமாகக் கிளம்புவதுதான் ஈசல். அரைமணி, ஒருமணி பறந்து இறக்கையை உதிர்த்துவிட்டு, ஜோடி சேர்ந்து மண்ணைத் தேடும். உள்ளே விளக்கை அணைத்து வெளியே ஒரு விளக்கின் கீழ் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் எல்லாம் அதில் விழுந்துவிடும். எங்கள் பாட்டி அதை அப்படியே அரித்து, இறக்கையைப் புடைத்து, வறுத்துப் பொரியோடு கலந்து கொடுப்பார். கோயம்புத்தூர்க்காரர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வெளியிலிருந்து வரும் ஈசல் விருந்தாளி. வீட்டுச் சுவருக்குள்ளிருந்தோ நிலைப்படிக்கு அடியிலிருந்தோ கிளம்பினால் கரையான் உள்ளே குடியிருக்கிறது என்று அர்த்தம், அப்போது ஆளைக் கூப்பிடுங்கள். சுவரில் மண் கோடு ஏறியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். உங்கள் வீட்டுக் கூரை வைரம் பாய்ந்த முற்றிய பனங்கட்டை என்றால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கரையானுக்கு அது லேசில் பல் படாத மரம்.

இனி கொசு. நீங்கள் கொசுவைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. நான் பயப்படுவது அதற்குத்தான், கதண்டுக்கு அல்ல.

குடிக்க நல்ல தண்ணீருக்கு அலைகிற ஊரில் நல்ல தண்ணீரில் முட்டையிடும் டெங்கு கொசு எப்படி வந்தது? தண்ணீர் அரிதாக இருப்பதாலேயே வந்தது. குழாயில் எப்போது வரும் என்று தெரியாததால் வீட்டுக்கு வீடு குடம், டிரம், சிமெண்டுத் தொட்டி, மாடியில் ஒரு டேங்க் என்று பிடித்து வைக்கிறோம். கொசுவுக்கு நாமே கட்டிக் கொடுத்த ஊருணிகள் அவை. முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்தாலும் முட்டை காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் கொட்டினால் போதாது, தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்க்க வேண்டும், வாரம் ஒருமுறை. ஏன் வாரம் என்றால் இந்த வெயிலுக்கு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏழெட்டு நாள் போதும். இந்தக் கொசு கடிப்பது பகலில். ராத்திரி வலைக்குள் படுத்துவிட்டு, பகலில் பையனை அரைக்கால் சட்டையோடு திண்ணையில் உட்கார வைத்தால் என்ன பயன்?

என் மகளுக்கு ஒரு தடவை டெங்கு வந்தது. விலங்கியல் வாத்தியார் வீடு, தொட்டியெல்லாம் மூடி வைத்த வீடு. எங்கிருந்து என்று தேடியதில், ஃபிரிட்ஜின் பின்னால் உறைநீர் சொட்டும் தட்டில் புழு நெளிந்துகொண்டிருந்தது. யாருக்கும் கண்ணில் படாத தட்டு. அன்றிலிருந்து கொசு என்று யார் கேட்டாலும் முதலில் ஃபிரிட்ஜைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன்.

கடற்கரைக்கென்று சில இடங்கள் தனி. படகுகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கப் பக்கவாட்டில் டயர் கட்டித் தொங்கவிடுவார்கள். பழசானதும் அதைக் கரையில் போட்டுவிடுவார்கள், மழைநீர் உள்ளே நின்றுவிடும். அப்புறம் உடைந்த ஐஸ் பெட்டி, தெர்மாகோல் பெட்டி, கடலுக்குப் போகாமல் கிடக்கும் ஃபைபர் படகின் அடிப்பள்ளம். உப்புத் தண்ணீரில் கொசு வராது என்று இங்கே எல்லோரும் நம்புகிறோம். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இலங்கைக் கடற்கரையில் தேடிப் பார்த்த ஆய்வாளர்கள் 2011-ல் எழுதியது வேறு: கைவிட்ட மீன்பிடிப் படகுகளிலும், பயன்படாத கிணறுகளிலும், எறிந்துகிடந்த பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்களிலும் தேங்கிய உவர்நீரில் டெங்கு கொசுவின் புழு வளர்ந்திருந்தது. கடல்நீரின் உப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு வரை அது தாங்கியது. அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் என்ன பெரிய வித்தியாசம்? உங்கள் வீட்டுக்குப் பின்னால் படகோ டயரோ கிடந்தால் ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.

தோப்பு வீடு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராமேசுவரம் தீவில் சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற மணலில் தோண்டும் குழிகள் மலேரியா கொசுவின் தொட்டில் என்று 1980-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மணலை நாலடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுவது எங்கள் பாக்கியம், அந்தக் குழியைத் திறந்து போட்டு வைப்பது எங்கள் வழக்கம். பயன்படாத குழியை மூடுங்கள். பயன்படும் கிணற்றில் கப்பி மீனோ கம்பூசியாவோ விடலாம். புகை மருந்து அடித்தால் பறக்கிற கொசு மட்டும் சாகும், தொட்டிப் புழு மறுநாள் பறக்கும். வீட்டுக்குள் நல்ல மருந்து மின்விசிறிதான், கொசுவுக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கச் சக்தி கிடையாது. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று வீசும்போது கடலோர வீடுகளில் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதும் அதனால்தான். வாடைக் காலத்து மழை ஓய்ந்து காற்றும் ஓய்கிற நாட்கள்தான் கெட்ட நாட்கள்.

கருவாடு என் சொந்தத் துறை, கொஞ்சம் இடம் கொடுங்கள். உங்கள் கருவாட்டில் இருப்பது இரண்டு வகையில் எது என்று பாருங்கள். வெள்ளையாக, காலில்லாமல், வழவழப்பாக நெளிந்தால் ஈப்புழு. மீன் ஈரமாக இருந்தபோது நீலப் பச்சையாக மின்னும் ஈ முட்டையிட்டிருக்கிறது. மழைமூட்டத்தில் அவசரமாக, உப்புக் குறைத்துப் போட்ட சரக்கு அது. யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். காய்ந்த கருவாட்டில் பழுப்பாக, மயிர் அடர்ந்த புழுவும் கூடவே கறுப்பு வண்டும் இருந்தால், அது வைத்திருந்த இடத்தில் ஏறியது. காய்ந்த தோலையும் இறைச்சியையும் தின்றே பிழைக்கிற வண்டு. பொடியாக உதிர்ந்திருந்தால் வேண்டாம், லேசாக இருந்தால் தட்டி எடுத்துச் சுள்ளென்ற வெயிலில் ஒரு நாள் போட்டு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது, வாசத்துக்கு வீட்டில் சண்டை வரும், அது உங்கள் பாடு.

வாங்கும்போது கையில் ஒடித்துப் பாருங்கள். நெத்திலி சட்டென்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. மழைக்காலத்தில் வாங்காதீர்கள், பங்குனியிலிருந்து ஆவணிக்குள் வருடத்துக்கு வேண்டியதை வாங்கிவிடுங்கள். இன்னொரு விஷயமும் பாருங்கள்: மழை நாளில் திறந்து கிடக்கும் கருவாட்டில் ஒரு ஈ கூட உட்காராவிட்டால் எனக்குச் சந்தோஷம் வராது, பயம்தான் வரும். பூச்சி மருந்து தெளித்து விற்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

கதண்டு. பனையேறிகள் பாம்பைவிட இதற்குத்தான் பயப்படுவார்கள். காய்ந்த ஓலைக்குள் கூடு இருப்பது கீழிருந்து தெரியாது, பாதி மரம் ஏறியபின் கலைந்தால் இறங்க வழியில்லை. நீங்கள் தீப்பந்தம் பிடிக்க வேண்டாம், பையன் கல்லெறியவும் வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து அழித்துக் கொடுப்பார்கள், எங்கள் பக்கம் அது சகஜம். தேனீ ஒருமுறை கொட்டினால் கொடுக்கு நம் தோலிலேயே நின்றுவிடும், நகத்தால் சுரண்டி எடுக்கலாம். கதண்டும் குளவியும் கொடுக்கை இழப்பதில்லை, திரும்பத் திரும்பக் கொட்டும். பல கொட்டு வாங்கியவர்களும், ஒரே கொட்டுக்கு உதடு வீங்கி மூச்சு முட்டுபவர்களும் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது. தேளுக்கும் அப்படித்தான் (எட்டுக் கால், பூச்சி இனமே இல்லை). சிறு பிள்ளையைத் தேள் கொட்டி, வேர்த்து, வாந்தி எடுத்து, கைகால் சில்லிட்டால் மந்திரிக்க நேரமில்லை. மகாராஷ்டிரத்து மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் பிரசோசின் மாத்திரையால் சிகிச்சை செய்து காட்டிய பிறகு இதில் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள்.

சுவர் மூலையில் மண்ணால் கட்டியிருக்கும் கூடு கதண்டுடையது அல்ல, அதைச் சேர்த்து இடிக்காதீர்கள். அது மண் குளவி, தனியாள், சும்மா கொட்டாது. குளவி கூடு கட்டினால் வீட்டில் தொட்டில் ஆடும் என்று இங்கே நம்பிக்கை. புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்கும் என்று குரு சீடனுக்குச் சொல்கிற கதையும் உண்டு. உள்ளதைச் சொன்னால் குரு கோபிப்பார்: குளவி புழுவையோ சிலந்தியையோ கொட்டி மரத்துப் போகச் செய்து கூட்டுக்குள் அடைத்து அதன் மேல் முட்டையிடுகிறது. பொரிந்த குஞ்சு அதைத் தின்று வளர்ந்து குளவியாக வெளியே வருகிறது. புழு குளவி ஆகவில்லை, குளவிக்குச் சோறு ஆயிற்று. வேலிக் கருவையில் உள்ளங்கை அகலத்தில் தொங்கும் கொம்புத்தேன் கூட்டையும் விட்டுவிடுங்கள். அந்தக் குட்டித் தேனீ எறும்பு ஏறாமலிருக்கக் கிளையின் இரு பக்கமும் பிசின் பூசி வைத்திருக்கும், பூதக்கண்ணாடி இருந்தால் பையனுக்குக் காட்டுங்கள்.

ஒப்பந்தம்? வேண்டாம் தாயி. (உங்கள் ஊரில் அம்மணி, இங்கே தாயி.) கரப்பானுக்குப் போரிக் ஆசிட்டும் சர்க்கரையும் கலந்து, பையன் கை எட்டாத மூலையில் வைத்தால் போதும், சாக்கடைக் குழாய்க்கு வலை போடுங்கள். பிள்ளையார் எறும்பு கடிக்காது, கோலமாவுக்கு வந்து போகும். மூட்டைப்பூச்சி வந்தால்தான் ஆள் தேவை, அதற்கும் மாதாமாதம் தேவையில்லை. என் வீட்டில் ஒருமுறை அப்படி அடித்த மருந்தில் பல்லியும் சிலந்தியும் முதலில் செத்தன. அடுத்த மாதம் கொசு முன்னைவிட அதிகம்.

கடைசியாகப் பையனின் தட்டான். ‘தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்’ என்று அவனுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். இந்த மாதத்தில் கூட்டம் கூட்டமாக வருவது பெரும்பாலும் மஞ்சள் நிறத் தட்டான், உலகம் சுற்றும் இனம். பூச்சிகளுக்குக் கடல் என்றாலே ஆகாது. பெயர் வைத்த பூச்சி வகைகள் பத்து லட்சம். அவற்றில் திறந்த பெருங்கடலில் வாழ்பவை ஐந்தே ஐந்து, எல்லாம் நீரின் மேல் ஓடும் ஒரே குடும்பத்துப் பூச்சி. இந்தத் தட்டான் கடலில் வாழ்வதில்லை, ஆனால் கடலைத் தாண்டுகிறது. மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், முட்டையிட நன்னீர்க் குளம் அனேகமாக இல்லாத அந்தத் தீவுகளுக்கு ஒவ்வொரு அக்டோபரிலும் லட்சக்கணக்கான தட்டான் ஏன் வருகிறது என்று வருடக்கணக்கில் குறித்துவைத்து 2009-ல் எழுதினார். இந்தியாவிலிருந்து கிளம்பி, வடகிழக்குக் காற்றின் முதுகில் ஏறி, மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா போகிறது என்பது அவர் முடிவு. அங்கே மழைக்குட்டையில் முட்டையிட்டு, அதன் பிள்ளைகள் தெற்கே போய், பேரப்பிள்ளைகள் தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியாவுக்குத் திரும்புகின்றன. சுற்று முழுக்க 14,000 முதல் 18,000 கிலோமீட்டர், நாலு தலைமுறை.

ஆக அவன் கேள்விக்குப் பதில்: சில இங்கேயே போன மழைக்குத் தேங்கிய குட்டையில் பிறந்தவை, சில வடக்கே எங்கோ பிறந்து காற்றோடு இறங்கியவை. மழை விட்ட ஒரு காலையில் தனுஷ்கோடி சாலையில் அரிச்சல்முனை வரை அழைத்துக்கொண்டு போங்கள். மணலுக்கு மேல் ஆள் உயரத்தில் பறக்கும், உட்காரவே உட்காராது. பையன் வாலில் நூல் கட்டி வைத்திருந்தால் கிளம்பும் முன் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள், அதற்கு இன்னும் ஆப்பிரிக்கா வரை போக வேண்டியிருக்கிறது.